கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நம் வீட்டுப் பிள்ளை திருமண போட்டோ, வீடியோ எடிட்டிங் தொழிலுக்கு முதல் கேட்டால், ரிச்சி தெருவுக்குப் போகுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. வேலை: போட்டோ மட்டும் என்றால் பிராசஸரும் ராமும்தான் முக்கியம், சாதாரண கார்டே போதும். வீடியோவில் நிறம் திருத்துவது, எஃபெக்ட் சேர்ப்பது கார்டின் தலையில் விழும் வேலை.

2. மெமரி: இது நம் குடோன் மாதிரி. இடம் போதாவிட்டால் வேலை தேங்கும். 4கே வீடியோவுக்கு 12 ஜிபி நல்லது. மாடல் எண்ணை நம்பாதீர்கள். 2021-ல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி (பின்னர் 8 ஜிபி வகையும் வந்தது). 2023-ல் வந்த 4060 வேகமானது, ஆனால் 8 ஜிபிதான். அட்டைப்பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

3. பழைய கார்டு: எத்தீரியம் டிஜிட்டல் நாணயத்துக்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த வேலை நின்றதும் விற்பனைக்கு வந்தன. பில்லும் வாரண்டியும் இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

4. பில்: ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஸ்டுடியோ முறைப்படி பதிவாகி, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதிருந்தால், அதன் எண்ணுடன் பில் வாங்குங்கள்; உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும்.

சாம்பிள் பாராமல் பருப்பு மூட்டை எடுப்போமா? பிள்ளை எடுத்த வீடியோவையே கொண்டுபோய்க் கடையில் ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.