ஒளுத் தண்ணீரும் சிற்றாறும்: ஓர் இளம் கதீபுக்குக் கடிதம்

அன்புத் தம்பிக்கு,

காலநிலை மாற்றத்தைப் பற்றித் தென்காசிப் பள்ளிவாசல் ஒன்றில் தம்பி கதீபாக நின்று ஆற்றிய வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையின் எழுத்துப்படி முழுவதுமாகப் படிக்கப்பட்டது. மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி என்னும் கலீஃபா கோட்பாடும், படைப்பு அனைத்தும் மீஸான் எனப்படும் சமநிலையில் நிறுத்தப்பட்டுள்ளது என்னும் கருத்தும் தம்பி ஓதித் தேர்ந்தவை. அவற்றை இங்கு விளக்க வேண்டியதில்லை. உரையில் உறுத்துகின்ற இரண்டு குறைகளைச் சொல்லாமல் விடுவது மட்டும் நியாயமாகாது.

முதற்குறை, குர்ஆனின் அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் கரியமில வாயுவின் பெருக்கத்தை அன்றே முன்னறிவித்துவிட்டது என்று நிறுவ முயலும் தொடக்கப் பகுதி. நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதரின் செயல்களையே பொறுப்பாக்குகிற வசனம் அது. அதை வேதியியல் பாடமாக மாற்றுவதால் வேதத்தின் மதிப்பு கூடுவதில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய கேட்போர், தம் வேதத்தின் பெருமையை எண்ணி மகிழ்ந்தவாறு வீடு திரும்பவே அது வழி செய்கிறது. அந்தப் பகுதியை முழுவதும் நீக்கிவிடலாம்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியக் காலநிலைப் பிரகடனம், காட்டுயிர்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என 2014இல் இந்தோனேசிய உலமாப் பேரவை அளித்த ஃபத்வா என்னும் தீர்ப்பு, 2022இல் பாகிஸ்தானை மூழ்கடித்த வெள்ளம் ஆகிய மூன்றும் உரையில் உள்ளன. 2023 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய காயல்பட்டினம் இல்லை. பள்ளிவாசல்கள் நிறைந்த அவ்வூர் தென்காசியிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. 2024 மே மாதத்தில் தென்காசியை அடுத்த பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதும் உரையில் இடம்பெறவில்லை. தனியொரு மழையையோ வெள்ளத்தையோ புவி வெப்பமாதலோடு நேராக முடிச்சுப் போடுவதற்குத் தயக்கம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தயக்கம் பாகிஸ்தானைப் பற்றிப் பேசும்போது தம்பிக்கு ஏற்படவில்லை.

இஸ்தான்புல் பிரகடனத்தை உருவாக்கியதில் முன்னின்றவர்களுள் ஒருவரான ஃபஸ்லுன் காலித், அண்டை நாடான இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறி, பர்மிங்காமில் இஸ்லாமியச் சூழலியலுக்கென ஓர் அமைப்பை நிறுவியவர். அவருடைய பணிகளில் நிலைத்துப் பேசப்படுவது அப்பிரகடனம் அன்று, சான்சிபார் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மிசாலி என்னும் சிறு தீவு. அங்கே வெடி வைத்து மீன் பிடித்துப் பவளப்பாறைகளைச் சிதைத்துவந்த மீனவர்களை அரசுத் தடைகளால் திருத்த முடியாதிருந்த நிலையில், 1990களின் இறுதியில் குர்ஆனின் போதனைகளை அவர்களுடைய வலைக்கும் பாறைக்கும் பொருத்திக் காட்டிய பயிற்சி அவர்களின் மனத்தை மாற்றியது. உலகின் வெப்பநிலையை முன்வைத்து அம்மீனவர்களிடம் பேசியிருந்தால் அது நடந்திருக்காது.

மிசாலி மீனவருக்கு வலையும் பாறையும் எப்படியோ, நம் தொழுகையாளருக்குத் தண்ணீர் அப்படி. மார்க்கச் சட்டமாகிய ஃபிக்ஹு நூல்களில் பெரும்பாலானவை தூய்மையைப் பற்றிய அதிகாரத்தில் தொடங்குகின்றன என்பதும், அதன் முதற்பேச்சே தண்ணீர்தான் என்பதும் மதரஸாவின் தொடக்க வகுப்பு மாணவரும் அறிந்ததே. அப்படியிருந்தும் சுற்றுச்சூழலைப் பற்றி பள்ளிவாசல் மேடையான மிம்பரில் பேச எழுவோர் வசனங்களின் அழகோடு நின்றுவிடுகிறார்கள்; கட்டளையாகவும் அளவாகவும் அமைந்த சட்டப் பகுதிக்கு வருவதில்லை. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை விரயம் செய்யக் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழியைத் தம்பி மும்முறை எடுத்தாள்கிறார். இப்னு மாஜா தொகுப்பில் உள்ள அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் எனப்படும் நபிமொழிகளின் ஆய்வாளர் பலர் சுட்டியிருக்கின்றனர். நபிகள் ஒரு முத்து அளவு நீரில், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவும் ஒளுவைச் செய்தார்கள் என்று புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உறுதியாகப் பதிவாகியுள்ள செய்தியைத் தம்பி தொடவே இல்லை. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. மத்ஹபுகள் எனப்படும் சட்டப் பள்ளிகளின் கணக்குக்கு ஏற்ப ஏறத்தாழ முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் விழும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்து ஒளுச் செய்பவர் பன்னிரண்டு லிட்டரைச் செலவிடுகிறார். தொழுகைக்கு முன் அக்குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்துக் காட்டினால் அதுவே பாதி குத்பா உரை ஆகிவிடும்.

குழாய்கள் வருவதற்கு முன் பள்ளிவாசல்களில் ஹவுள் என்னும் நீர்த்தொட்டி இருந்த காலத்தைத் தம்பியின் தலைமுறை அதிகம் கண்டிராது. ஹனஃபி மத்ஹபினர் அதைப் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் குறையாமல் கட்டியதற்கும், ஷாஃபி மத்ஹபினர் இரண்டு குல்லம் என்னும் அளவுக்குக் குறைந்த நீரைச் சிறு நீராகக் கருதியதற்கும் காரணம், எந்த அளவு நீர் எளிதில் கெடாது என்னும் சட்ட ஆராய்ச்சியே. விளிம்பில் வரிசையாக அமர்ந்தவர்கள் கையால் அள்ளியே கழுவியதால், அவரவர் எடுக்கும் நீர் அவரவர் கண்ணுக்குத் தெரிந்தது. புழுக்களைத் தின்பதற்காக விடப்பட்ட மீன்கள் விரல் நுனிவரை வந்து திரும்பின. தொட்டியைக் கழுவும் நாளில் வெளியேறிய நீர் தென்னைகளுக்குப் பாய்ந்தது. பாசி படிந்து நாறிய ஹவுள்களும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கண்ணுக்குத் தெரிகிற நீரை மனிதர் எண்ணிச் செலவிட்டார்கள். அந்த ஒழுக்கம் ஹவுளோடு சேர்த்து மூடப்பட்டது பெரும் இழப்பு.

இவ்வளவு குறை கூறிய பிறகும், உரையின் இறுதிக்கு அருகே, பள்ளியின் ஒளுத் தண்ணீர் பின்சுவரை ஒட்டிய சாக்கடையில் கலக்குமிடத்தில் யாரும் நடாமல் முளைத்து, காய்த்து நிற்கும் பப்பாளி மரத்தைத் தம்பி விவரித்துள்ள பத்தி இணையற்றது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட சுற்றுச்சூழல் எழுத்தில் அதற்கு நிகரானதைக் காண்பது அரிது. அந்நீரை அடக்கத்தலமான மையவாடியில் வைக்கும் மரக்கன்றுகளுக்குத் திருப்பலாமே என்று அங்கே அவர் கேட்பது வசனம் எதையும் துணைக்கு அழைக்காமலேயே நெஞ்சில் தைக்கிறது. இப்படி எழுதத் தெரிந்தவர் இஸ்தான்புல்லுக்கு ஓட வேண்டிய தேவை என்ன?

அடுத்த உரைக்குரிய பொருளும் தம்பியின் படியிலேயே ஒற்றை வரியாகக் கிடக்கிறது. மக்கள் நீர் எடுக்கும் துறையிலும், நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று அபூதாவூத் தொகுப்பில் வரும் நபிமொழி குற்றாலத்துக்கு அப்படியே பொருந்தும். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருந்தும், அவற்றின் உறைகள் பாறை இடுக்குகளில் சேர்ந்தபடியே இருக்கின்றன. பெருநாள் விடுமுறையில் கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பிரியாணிச் சட்டியுடன் வருகிற குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. அங்கே கழுவிவிடப்படுவது சிற்றாற்றின் வழியாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, பிறருடைய குடிநீரில் சேர்கிறது. நீர்நிலைகளைச் சுற்றி எவரும் ஆக்கிரமிக்கவோ அழுக்காக்கவோ கூடாத எல்லையாக ஃபிக்ஹு அறிஞர்கள் வரையறுத்த ஹரீம் என்னும் சட்டத்தை இந்நபிமொழியோடு சேர்த்து விளக்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கை மாநில அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்த பின்னரும், தூக்குச் சட்டியை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பையில் நோன்புக் கஞ்சி வாங்கிச் செல்லும் வழக்கத்தை அதே உரையில் கண்டிக்கலாம்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் சேர்வதற்கு முன், ஜூன் மாதத்தின் முதல் வெள்ளியன்றே இவ்வுரை நிகழ வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுத்துப்படியை ஒரு வாரம் முன்பாக அனுப்பினால் ஹதீஸ்களின் தரத்தைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பப்படும்.

வஸ்ஸலாம்.