சொல்லின் இடமும் அன்பின் அழுத்தமும்

முல்லைப் பெரியாறு அணை 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த ஆற்றுநீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பெயரைத் தேனி மாவட்ட மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுகின்றனர். அவர் பிறந்த சனவரி 15ஆம் நாளில் பொங்கலிட்டு நன்றி கூறுகின்றனர். இவ்வன்பை ஒரு தொடராக்குவோம்.

'மக்கள் இன்றும் பென்னிகுவிக்கை நேசிக்கின்றனர்.'

'இன்றும்' என்பதிலுள்ள உம்மை, முன்பும் நேசித்தனர் என்னும் செய்தியைத் தழுவி நிற்கிறது. இதனை இறந்தது தழுவிய எச்சவும்மை என்பர். அவ்வும்மையை இடம் மாற்றி, 'மக்கள் இன்று பென்னிகுவிக்கையும் நேசிக்கின்றனர்' என்றால், வேறு சிலரையும் நேசிக்கின்றனர் என்பது பெறப்படும். நூற்றாண்டைக் கடந்த அன்பைச் சொல்ல முதல் தொடரே பொருந்தும்.

இவ்வாறு தமிழில் உம், ஏ, தான் முதலிய இடைச்சொற்கள், தாம் சேரும் சொல்லுக்கு அழுத்தம் தருகின்றன. 'மட்டும்' என்பதும் அத்தகையதே. 'அம்மா மட்டும் என்னை நேசிக்கிறார்' என்பதில் தனிமையின் வருத்தம் ஒலிக்கிறது. 'அம்மா என்னை மட்டும் நேசிக்கிறார்' என்றாலோ உடன்பிறந்தோர் வருந்துவர்.

ஆங்கிலத்தில் இப்பணியைப் பல நேரங்களில் வினையடையின் இடமே செய்கிறது. 'ஐ ரியலி லவ் யூ' என்பதில் அன்பின் மிகுதி புலப்படுகிறது. 'ஐ லவ் யூ, ரியலி' என இறுதியில் வரும்போது, அது கேட்பவரின் ஐயத்தைப் போக்கும் உறுதிமொழியாகிறது. எதிர்மறையில் வேறுபாடு இன்னும் பெரிது. 'ஐ ரியலி டோன்ட் லைக் இட்' என்றால் அறவே பிடிக்கவில்லை என்பது பொருள். 'ஐ டோன்ட் ரியலி லைக் இட்' என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பது பொருள். சொற்கள் அவையே, இடம் மட்டுமே வேறு. ஈரிடத்தும் 'உண்மையாக' என்றே மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ஆங்கிலம் இடத்தால் உணர்த்துவதைத் தமிழில் வேறு சொல்லாலோ இடைச்சொல்லாலோ உணர்த்த வேண்டும்.

அன்பு உள்ளத்தில் நிறைந்திருந்தால் மட்டும் போதாது. அது பிழையின்றிப் பிறரைச் சென்றடையவும் வேண்டும். அதற்குத் துணைநிற்பது சொல்லை உரிய இடத்தில் வைக்கும் பயிற்சியாகும்.

கற்பவை கற்றபின்

1. 'ஆசிரியர் எனக்கு நூலைத் தந்தார்' என்னும் தொடரில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுடனும் 'மட்டும்' சேர்த்து எழுதிப் பொருள் வேறுபாட்டை விளக்குக.

2. உங்கள் ஊருக்கு நன்மை செய்த ஒருவருக்கு, ஏகாரமும் உம்மையும் அமையுமாறு நன்றிக் கடிதம் எழுதுக.