மலைக்குப் போகும் மஞ்சள் வாக்மேன்

1983-ல் சோனி கொண்டுவந்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் வாக்மேன் தூசியையும் சாரலையும் தாங்கும். அதற்காகப் பெரியார் அருவியில் முக்கிவிடாதீர்கள்! வீட்டில் ஒன்று பத்திரமாக இருந்தால், வெள்ளிமலைக்குக் கிளம்புமுன் மூடியைத் திறந்து, ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். அதில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே கசியும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே மூடுங்கள்.

பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், உள்ளே இருக்கும் பெல்ட் தளர்ந்திருக்கும். ஒலி மங்கினால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டைத் துடைத்தாலே தெளிந்துவிடும்.

மலைக் குளிரிலிருந்து கள்ளக்குறிச்சி வெக்கைக்கு இறங்கியதும் உடனே போடாதீர்கள். உள்ளே ஈரம் பூத்தால் டேப் சிக்கிக்கொள்ளும். பையிலேயே அரை மணி நேரம் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேசட்டை வைக்கவே கூடாது. ஊருக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் கம்பிகளை அரித்துவிடும்.

தாத்தா பாடிய பாட்டோ ஊர்த் தெருக்கூத்தோ பதிந்த கேசட் இருந்தால், இயர்போன் துளையில் கேபிள் போட்டுக் கணினியில் இந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள். வெள்ளைப் பூஞ்சை படிந்த கேசட்டை மட்டும் சுத்தம் செய்யாமல் ஓட்ட வேண்டாம்.