மண்ணில் சேரும் காபன் யாருக்குச் சொந்தம்?



வைக்கோலை எரித்தால் அதிலுள்ள காபன் புகையாகிவிடும். கூட்டெருவாக்கி வயலில் இட்டால் ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்கு ஈடாகச் சேர்த்தால் அது ஒரு 'காபன் வரவு'. கம்பனிகள் அதை வாங்குகின்றன.

மேற்குக் கென்யாவின் சிறு விவசாயிகளது மண் காபனுக்கு 2014இல் வரவுகள் வழங்கப்பட்டன. ஆளுக்குக் கிடைத்த பணம் சொற்பமே. விளைச்சல் கூடியதே பெரும் பயன்.

காபன் ஒப்பந்தங்கள் பல ஆண்டுகள் நீடிப்பவை. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். பலர் 2015இன் பின்னரே திரும்பினர். நெல்மூட்டையைச் சுமந்து போகலாம். மண்ணில் சேர்ந்த காபனைச் சுமக்க முடியுமா? ஆகவே உங்கள் தயக்கம் நியாயமானதே.

ஒப்பமிடுமுன் கூடிக் கேளுங்கள்:

1. காணி உறுதி, அனுமதிப்பத்திரம் யார் பெயரில்?
2. அளவிடும் செலவு யாருடையது?
3. மீண்டும் இடம்பெயர்ந்தால் யார் பொறுப்பு?

கூட்டெருவுக்கு ஒப்பந்தம் தேவையில்லை, இப்போகமே தொடங்குங்கள்.