ஊசிக்கு அஞ்சும் குழந்தையும் ஊராரின் கடமையும்

“அடம் பிடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போய் ஊசி போடச் சொல்வேன்.” சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் நம் வீடுகளில் நாள்தோறும் கூறப்படும் சொற்கள் இவை. குழந்தை அப்போதைக்கு அடங்கிவிடும். சோறும் வயிற்றுக்குள் சென்றுவிடும். ஆனால் அந்த ஒரு வேளைச் சோற்றுக்காக நாம் கொடுக்கும் விலை பெரிது. உயிரைக் காக்கும் மருத்துவரைப் பூச்சாண்டியாக்கி, குழந்தையின் உள்ளத்தில் அச்சத்தை விதைத்துவிடுகிறோம். அவ்விதை பின்னர் என்ன விளைவைத் தரும் என்பதை உழவர் பெருமக்களும் ஊராட்சி உறுப்பினர்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறைக்கப்படும் காயம்

தெருவில் விளையாடும் சிறுவன் ஒருவனை நாய்க்குட்டி கடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காயம் சிறியது, இரத்தமும் மிகுதியாக இல்லை. வீட்டில் சொன்னால் அடி விழும், அதன்பின் ஊசியும் போடுவார்கள் என்று அஞ்சி அவன் அதனை மறைத்துவிடுகிறான். காயம் ஆறிவிடுகிறது, பெற்றோர் அறிவதே இல்லை. கடித்த குட்டிக்கு வெறிநோய் இருந்திருக்குமாயின், பெரும்பாலும் சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து அந்நோய் சிறுவனிடம் தோன்றக்கூடும். தோன்றிய பின் அதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் கடித்தவுடன் முறையாகச் சிகிச்சை செய்தால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

வெறிநோய் உள்ளதென ஐயுறத்தக்க விலங்குகளால் கடிக்கப்படுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே, ஊசியைப் பற்றிய அச்சம் வெறும் அழுகையோடு முடியும் சிறு செய்தி அன்று. சில வேளைகளில் அது உயிரையே பறித்துவிடும்.

பழைய கதையும் இன்றைய நிலையும்

வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசியை முதன்முதலில் பெற்ற மனிதனும் ஒரு சிறுவனே. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் அறிஞர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். தென்னாட்டில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டில் தோன்றி இப்பணியை மேற்கொண்டது.

முற்காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பல ஊசிகள் போடப்பட்டது உண்மையே. அவ்வலியை அனுபவித்த பெரியவர்கள் இன்றும் அக்கதையைச் சொல்லிக் குழந்தைகளை நடுங்கச் செய்கிறார்கள். அப்பழைய மருந்து நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தப்படுவதில்லை. இப்போது கையிலோ தொடையிலோ, மருத்துவர் குறித்துத் தரும் சில நாட்களில் மட்டுமே ஊசி போடப்படுகிறது. காயம் ஆழமாயின் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்துவர். இதனைப் பெரியவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அச்சத்தைப் போக்கும் வழிகள்

கன்றை ஏருக்குப் பழக்கும் உழவர் முதல் நாளே அதனை உழவுக்கு ஓட்டுவதில்லை. பாரமின்றி நடக்கப் பழக்கி, தட்டிக்கொடுத்து, பின்னரே வேலை வாங்குகிறார். குழந்தைக்கும் அத்தகைய பொறுமை தேவை.

1. மருத்துவரையும் செவிலியரையும் கூறி அச்சுறுத்துவதை வீட்டார் அனைவரும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

2. பொய் சொல்லலாகாது. “ஊசி போடமாட்டார்கள்” என்று கூறி அழைத்துச் சென்றால், அடுத்த முறை குழந்தை நம் சொல்லை நம்பாது. “எறும்பு கடித்தாற்போல் சற்று வலிக்கும், விரைவில் நின்றுவிடும், நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்று உள்ளதை உள்ளபடி கூறுக.

3. தம்பிக்கோ தாத்தாவுக்கோ மருந்து வாங்கச் செல்லும் நாளில் குழந்தையையும் சுகாதார நிலையத்துக்கு உடன் அழைத்துச் செல்லலாம். அங்குள்ள செவிலியரின் முகம் பழகிவிட்டால் அச்சம் பாதியாகக் குறையும். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடுவதும் நல்ல பயிற்சியே.

4. ஊசி போடும்போது குழந்தையைப் படுக்க வைத்துப் பலர் அமுக்கிப் பிடித்தல் தகாது. தாய் மடியில் நிமிர்ந்து உட்கார வைத்து அணைத்துக்கொள்க. கைக்குழந்தையாயின் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடச் செய்யலாம், வலி குறையும். வளர்ந்த குழந்தையை ஓலைக் காற்றாடியை ஊதச் சொல்லிக் கவனத்தைத் திருப்பலாம்.

5. அழுதால் “ஆண்பிள்ளை அழலாமா?” என்று ஏளனம் செய்யாதீர்கள். அழுதுகொண்டே கையை நீட்டிய குழந்தையும் துணிவுள்ள குழந்தைதான் என்று பாராட்டுங்கள்.

இப்பழக்கங்கள் ஒரே நாளில் அமைந்துவிடா. நாய் கடித்த பின் குழந்தையைப் பழக்கிக்கொண்டிருக்க நேரமும் இராது. ஆதலால் 5 வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி முதலிய வாய்ப்புகளையே இதற்குரிய பயிற்சியாகக் கொள்வது அறிவுடைமை.

ஊராட்சி செய்ய வேண்டுவன

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு, ஆரம்ப சுகாதார நிலையங்களும் நம் நாட்டில் எழத் தொடங்கின. மருத்துவ வசதியைக் கிராமத்தின் அருகே கொண்டுவந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. குழந்தை அச்சமின்றி அங்கே செல்லுமாறு செய்வதும் நம் பொறுப்பாகும்.

தமிழ்நாட்டில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடப்படுகிறது. அவ்விடத்தில் தாய்மார் அமர நிழலும் குடிநீரும் உள்ளனவா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்தல் வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஊசியைச் சொல்லி மிரட்டும் வழக்கம் இருந்தால் அன்பாக எடுத்துரைத்து நிறுத்த வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் பின்வரும் செய்தியை எல்லோரும் அறியக் கூறலாம்:

நாய், பூனை, குரங்கு ஆகியவை கடித்தாலும் கீறினாலும், ஓடும் நீரில் சோப்பு இட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். குறித்த ஊசிகள் யாவற்றையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

இவற்றோடு ஒவ்வொரு பெற்றோரும் இன்றிரவே தம் குழந்தையிடம் ஓர் உறுதி கூறுவார்களாக: “நாய் கடித்தால் உடனே வந்து சொல். நீ நாயைச் சீண்டியிருந்தாலும் அடிக்கமாட்டோம், திட்டமாட்டோம்.” இச்சொல்லை நம்பிக் குழந்தை ஓடிவந்து காயத்தைக் காட்டுமாயின், அதன் உயிரைக் காக்கும் வேலையில் பாதி முடிந்துவிட்டது எனலாம்.