ஆண் பிள்ளைக்குப் பெயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களில் ஆண் பிள்ளை பிறந்துவிட்டால், தொட்டில் கட்டும் முன்பே பெயர்ப் பேச்சு தொடங்கிவிடும். தாத்தா குலசாமி பெயரைச் சொல்வார். பாட்டி ஜோதிடரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வார். சென்னையில் இருக்கும் சித்தப்பா நியூமராலஜி பார்க்க வேண்டும் என்பார். அப்பாவின் செல்போனில் ஒரு நீளப் பட்டியல் ஓடும். அதில் ரியான், கெவின், லியாம் என்று அயர்லாந்துப் பெயர்களும் இப்போது கலந்து வருகின்றன. பெற்றவள் மனதில் இருக்கும் பெயரைக் கடைசியில்தான் கேட்பார்கள், சில வீடுகளில் கேட்பதே இல்லை. பிள்ளை வாழ்நாள் முழுதும் சுமக்கப்போகும் பெயரைத் தவறான தகவலை நம்பி முடிவு செய்யக் கூடாது. அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நட்சத்திர எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும், மாறினால் பிள்ளைக்கு ஆகாது.

உண்மை: 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பாதங்கள், பாதத்துக்கு ஓர் எழுத்து என்று பிரித்துக் கொடுக்கும் அட்டவணைக்கு 'அவகஹடா சக்கரம்' என்று பெயர். அது வடமொழி எழுத்துகளை வைத்து அமைந்தது. ஆயில்யத்துக்கு அதில் உள்ள எழுத்துகள் டி, டு, டே, டோ. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா. ஆனால் ட வரிசை தமிழில் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். ஹ தமிழ் எழுத்தே அல்ல. அட்டவணையை அப்படியே பின்பற்றினால் பூசத்திலும் ஆயில்யத்திலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்க முடியாது.

இந்தப் பக்கத்துப் பழைய பெயர்கள் வேறு வழியில் வந்தவை. மேல்மலையனூர் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டு பிறந்தவன் அங்காளன். அவளுக்குக் காவல் நிற்கும் பாவாடைராயன் பெயரில் ஒருவன் பாவாடை. மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டால் வேலு, சுப்பராயன். திரௌபதை அம்மனுக்குத் தீமிதி நடக்கும் ஊர்களில் தர்மனும் அர்ச்சுனனும் தெருவுக்குத் தெரு உண்டு. அடுத்தபடியாக, செத்துப்போன தாத்தாவின் பெயர். எழுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தினால், அந்த எழுத்துப் பெயரைச் சடங்கின்போது பிள்ளை காதில் சொல்லிவிட்டு, கூப்பிடவும் பதியவும் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். வடநாட்டில் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன.

நம்பிக்கை 2: நியூமராலஜி நம் முன்னோர் தந்த கலை, எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் யோகம் வரும்.

உண்மை: இங்கே பலரும் கையாளும் எண் அட்டவணையை உலகமெங்கும் பரப்பியவர் 'கீரோ' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் ஜான் வார்னர். 1866-இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1936-இல் அமெரிக்காவில் இறந்தார். அவருடைய அட்டவணை ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுக்கிறது. 9 எந்த எழுத்துக்கும் இல்லை. தமிழ் எழுத்துக்கு அதில் இடமே கிடையாது.

முருகன் என்ற பெயரையே கணக்குப் போட்டுப் பாருங்கள். எம் 4, யு 6, ஆர் 2, யு 6, ஜி 3, ஏ 1, என் 5. கூட்டினால் 27, அதன் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 9. ஜி-க்குப் பக்கத்தில் ஓர் எச் சேர்த்தால் 32, அதாவது 5. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியதும் பலன் மாறிவிட்டதாம். தமிழில் அவன் அதே முருகன்தான், அம்மா கூப்பிடுவதும் அதே குரலில்தான். பிறந்த பிள்ளையின் படிப்பையும் பிழைப்பையும் ஆங்கில எழுத்துக்கூட்டல் தீர்மானிக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தொல்லை மட்டும் நிச்சயம் உண்டு: ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், மாற்றுச் சான்றிதழில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது என்று ஆகி, வளர்ந்த பிள்ளை அலுவலகம் அலுவலகமாக அலைவான்.

நம்பிக்கை 3: குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை என்பவை படிக்காதவர்கள் அறியாமல் வைத்த பெயர்கள்.

உண்மை: முதல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், மூன்றாவதைக் காப்பாற்ற வைத்த பெயர்கள் அவை. பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றார்கள். தவிட்டை விலையாகக் கொடுத்து அடுத்த வீட்டுக்காரியிடமிருந்து வாங்குவதுபோலச் செய்து தவிடன் என்றார்கள். மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். மதிப்பில்லாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போவான் என்ற தவிப்பு அந்தப் பெயர்களில் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13 மட்டுமே. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகு அப்படிப் பெயர் வைக்கத் தேவை இல்லாமல் போனது. தாத்தா பெயர் குப்புசாமி என்று சொல்லக் கூச்சப்படும் பேரன் இந்தக் கதையை அறிய வேண்டும்.

இழிவுக்காக வைக்கப்பட்ட பெயர்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நான்காம் வருணத்தாருக்கு இழிவைக் குறிக்கும் பெயர் வைக்க வேண்டும் என்று மனுநூல் சொல்கிறது. பெயர் வழியே வரும் சாதி ஏற்றத்தாழ்வை எதிர்த்து, 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலாக வரும் சாதியை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. பிடித்த பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் உரிமை போராடிப் பெற்றது.

நம்பிக்கை 4: பழைய பெயர்கள் எல்லாம் மண்ணின் பெயர்கள்; வெளிப் பெயர் இப்போதுதான் நுழைகிறது.

உண்மை: செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்குத் தேசிங்கைவிட நெருக்கமான பெயர் எது? 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த அந்த இளைஞன் பந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவன், பெயர் தேஜ்சிங். நம் கதைப்பாடல்காரர்கள் வாயில் அது தேசிங்கு ஆயிற்று. இன்று அதை இந்தி பேசும் நாட்டுப் பெயர் என்று யாரும் சொல்வதில்லை.

கிறித்தவப் பெயர்களிலும் இந்த உருமாற்றத்தைக் காணலாம். கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்ற எபிரேயப் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர் அருளப்பன் ஆக்கினார்கள். அதே பெயர் நார்மானியர் வழியாக அயர்லாந்து போய் ஷான் ஆயிற்று. ஐரிஷ் என்று நாம் நினைக்கும் லியாமும் வில்லியம் என்ற ஜெர்மானியப் பெயரின் சுருக்கம்தான். எங்கிருந்து வந்தாலும் பேசுகிறவர்களின் நாவுக்கு ஏற்றபடி பெயர் உருமாறினால், அது அந்த மண்ணின் பெயராகிவிடும். உருமாறாமல் பட்டியலிலிருந்து அப்படியே இறங்கும் பெயர் வீட்டுப் பெரியவர்கள் வாயில் ஒட்டாது.

நம்பிக்கை 5: இணையப் பட்டியலில் 'தமிழ்ப் பெயர்' என்று போட்டு அர்த்தமும் கொடுத்திருந்தால் போதும்.

உண்மை: ரியான் ஓர் ஐரிஷ் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஒலியில் நெருங்கிய ரய்யான் என்ற அரபுப் பெயர் வேறு. கெவின், அயர்லாந்தில் கிளெண்டலாக் என்ற இடத்தில் மடம் அமைத்த துறவியின் பெயர். பிடித்திருந்தால் தெரிந்தே வைக்கலாம், அதில் குற்றமில்லை. தமிழ் என்றோ சமஸ்கிருதம் என்றோ நம்பி ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்ப் பெயர் என்று ஒன்றைத் தேர்ந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

நம்பிக்கை 6: ழகரம் உள்ள பெயர் வெளிநாட்டில் செல்லாது.

உண்மை: 2024-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது வாங்கிய ஐரிஷ் நடிகர் கிலியன் மர்ஃபியின் பெயரை ஆங்கிலக் கண்ணால் படிப்பவர் 'சிலியன்' என்பார். அவர் எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை, உலகம் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டது. எழிலனும் இளஞ்செழியனும் அப்படியே விமானம் ஏறலாம்.

நம்பிக்கை 7: பெயரை உடனே கொடுக்காவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, பிடிக்காவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

உண்மை: இரண்டுமே தவறு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் இல்லாமலும் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை, மனம் மாறியது என்பதற்காக அழித்து வேறு எழுத முடியாது. பிழை இருந்தால் திருத்தலாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதனால் அவசரப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

பெயர் தேடும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்ந்த பெயரை வீட்டில் உள்ள பாட்டியை ஒருமுறை உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள், அந்த எழுத்துக்கூட்டலையே எல்லா ஆவணங்களிலும் கொடுங்கள். முடிவு சொல்லும் முதல் உரிமையைப் பெற்றவளுக்குக் கொடுங்கள். வாயில் நிற்கும், பொருள் விளங்கும், பத்திரத்தில் மாறாமல் இருக்கும் பெயர் எதுவோ அதுவே பிள்ளைக்கு நல்ல பெயர்.