குளிர்பெட்டியும் ஒரு தாளும்

சென்ற ஆண்டு நமது அறநிதியின் உணவுப் பொருள்களுடன் ஓரறை வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள மூதாட்டி, மின்கட்டணத்திற்குப் பயந்து இரவில் குளிர்பெட்டியை நிறுத்திவிடுவாராம். உள்ளேயோ திறக்காத இன்சுலின்! 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது.

கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். தடையின்றி வந்துவிட்டது. ரப்பர் தளர்ந்தால் குளிர் கசியும். இயந்திரம் ஓயாது ஓடும். இருண்ட கூடத்தில் 36 வாட் குழல்விளக்கு. நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 10.8 யூனிட். 18 வாட் எல்இடி குழலுக்கு அதில் பாதிதான். (பழைய வாத்தியார், கணக்கு விடவில்லை!)

2024 ஏப்ரலில் அரசாங்கம் வீவக குடும்பங்களுக்கு வழங்கிய 300 வெள்ளிப் பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் பெற அவருக்குத் தெரியவில்லை. உடனமர்ந்து பெற்றுக் கொடுத்தோம். மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுப் பெட்டிக்குப் போதாத தொகையை உங்கள் நன்கொடை நிரப்பியது. இப்போது நமது தொண்டூழியர்கள் அரிசிப் பையுடன் ஒரு தாளும் எடுத்துச் செல்கிறார்கள்.